கண்ணின் ஓரத்தில் மின்னல், பார்வையில் கறுப்புப் புள்ளிகள்: விழித்திரை விலகுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களுக்கு வயது 44, இரண்டு கண்ணிலும் மைனஸ் 7 பவர். நான்கு நாட்களாக வலது கண்ணில் கறுப்புப் புள்ளிகளும் நூல் போன்ற ஒன்றும் மிதக்கின்றன. இருட்டில் கண்ணைத் திருப்பினால் ஓரத்தில் பளிச்சென்று மின்னுகிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள், கடைசி வரி வரை படித்துவிட்டீர்கள், "பார்வை நார்மல்" என்றார்கள். இது விழித்திரை விலகலா, சொட்டு மருந்தில் சரியாகுமா, தங்கை கல்யாணம் முடிந்து அடுத்த மாதம் டாக்டரைப் பார்த்தால் போதுமா, சர்க்கரை நோயால் அப்பாவுக்கு விழித்திரை விலகியிருக்கிறது என்றார்களே அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் நான்கு என்றாலும் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது காத்திருக்கலாமா என்பதைத்தான். காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே, தவறினால் நாளைக் காலையில், கண்பாவையை விரித்து, கண்ணின் பின்சுவரில் ஒளியை உணரும் மெல்லிய படலமான விழித்திரையின் விளிம்பு வரை பார்க்கக்கூடிய மருத்துவரிடம் போய்விடுங்கள். காரணங்களைப் போய்வந்த பிறகு படித்தாலும் போதும்.

விழித்திரைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்த மருத்துவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆனால் உங்கள் கண்ணை நான் பார்க்கவில்லை, பார்க்காமல் யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்கள் சொன்ன அதே அறிகுறிகளோடு வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தாக எதுவும் இருக்காது. புதிதாக மின்னலும் புள்ளிகளும் தோன்றி வரும் 100 பேரைச் சோதித்தால் ஏறக்குறைய 10 முதல் 15 பேருக்குத்தான் விழித்திரையில் கிழிசல் இருக்கும். சிக்கல் என்னவென்றால், கிழிசல் உள்ளவர் சொல்வதும் இல்லாதவர் சொல்வதும் ஒன்றுபோலவே இருக்கும். நோயாளி சொல்வதை மட்டும் கேட்டு அந்தப் 10, 15 பேரைப் பிரித்தெடுக்க எந்த அனுபவசாலியாலும் முடியாது. இப்படி அறிகுறியோடு உண்டாகும் கிழிசலைக் கவனிக்காமல் விட்டால் பாதிப்பேருக்காவது விழித்திரை கழன்றுவிடும். அதே கிழிசலைச் சுற்றி உரிய நேரத்தில் லேசர் வைத்துவிட்டால் அந்த ஆபத்து 100க்கு 5க்கும் கீழே இறங்கிவிடும். உங்களை அவசரப்படுத்துவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

உள்ளே நடப்பது இது. கண்ணின் பெரும்பகுதியை விட்ரியஸ் என்ற தெளிவான கூழ் நிரப்பியிருக்கிறது. அளவு ஏறக்குறைய 4 மி.லி. அதில் கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீர், மீதி மெல்லிய கொலாஜன் இழைகளும் ஹயலுரானிக் அமிலமும். உறைந்த தயிர் நாளாக நாளாகத் தண்ணீர் விட்டுச் சுருங்கிப் பாத்திரத்தின் ஓரத்திலிருந்து விலகுமே, அப்படியே இந்தக் கூழும் வயதாக ஆக நீர்த்து, சுருங்கி, பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையை விட்டு விலகும். 50, 60 வயதுக்கு மேல் பெரும்பாலோருக்கு இது நடக்கும். இது நோய் இல்லை. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்குப் பத்து வருடம்போல முன்னதாகவே நடந்துவிடும், உங்கள் வயதில் இது வந்திருப்பதில் வியப்பில்லை. விலகும்போது கூழ் விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது. விழித்திரைக்கு வலியை உணரும் நரம்பு கிடையாது. எதனால் தூண்டப்பட்டாலும் அது ஒளி என்றுதான் மூளைக்குச் செய்தி அனுப்பும். நீங்கள் இருட்டில் பார்க்கும் மின்னல் அந்த இழுப்புதான். மிதக்கும் நூலும் புள்ளியும் கூழில் உள்ள இழைகளின் நிழல். சில சமயம் அவை இரத்த அணுக்களின் நிழலாகவும் இருக்கும். விலகும் வேகத்தில் ஒரு இரத்தநாளம் கிழிந்து கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருந்தால் விழித்திரையும் கிழிந்திருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு வரை போகும். "புகை படிந்த மாதிரி", "மிளகைத் தூவிவிட்ட மாதிரி" என்று யாராவது வந்து சொன்னால் அவரை வரிசையில் காக்க வைக்காமல் உள்ளே அழைப்பது இதனால்தான்.

மைனஸ் 7 பவர் என்பது வெறும் கண்ணாடி எண் அல்ல. சராசரிக் கண் முன்னிருந்து பின்னாக 24 மி.மீ. நீளம் இருக்கும். உங்களைப் போன்றவர்களுக்கு அது பெரும்பாலும் 26 மி.மீ.ஐத் தாண்டிவிடும். அதே விழித்திரை நீண்ட கண்ணுக்குள் இழுபட்டு, விளிம்புகளில் மெலிந்து கிடக்கிறது. அடிபடாமல் தானாக வரும் விழித்திரை விலகல்களில் பாதிக்கும் மேல் கிட்டப்பார்வை உள்ள கண்களில்தான் வருகிறது. மைனஸ் 3க்கு மேல் போனால் ஆபத்து சாதாரணக் கண்ணைவிடப் பத்து மடங்கு வரை கூடுகிறது. பத்து மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம்: பொது மக்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்குப் போலத்தான் இது வருகிறது. லேசிக் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்கள் தங்களுக்கு இந்த ஆபத்து போய்விட்டது என்று நம்புவதைப் பார்க்கிறேன். லேசிக் கருவிழியின் வளைவைத்தான் மாற்றுகிறது, கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கண்ணில் பலமாக அடிபட்டவர்கள், ஏற்கெனவே ஒரு கண்ணில் விலகல் வந்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இது வந்திருப்பவர்கள் ஆகியோரும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியவர்கள்.

கண்ணாடிக் கடையில் நடந்த சோதனையைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எழுத்துப் பலகை சோதிப்பது மேக்குலா என்ற நடுப்புள்ளியை மட்டும். விழித்திரையின் மொத்தப் பரப்பில் அது மிகச் சிறிய பகுதி. கிழிசல் கிட்டத்தட்ட எப்போதும் விளிம்பில்தான் உண்டாகும். விளிம்பில் கிழிந்து, அதைச் சுற்றிக் கால்பங்கு விழித்திரை கழன்று தொங்கும்போதுகூடக் கடைசி வரியைத் தடங்கலில்லாமல் படிப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உண்மையிலேயே ஆதங்கம் இருக்கிறது: பார்வை நன்றாக இருக்கும்போது வந்தவரை "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பி, பார்வை போன பிறகு அவர் திரும்பி வருவதைக் காண நேரிடுகிறது. பார்வை முழுசாக இருக்கும்போது பிடிப்பதுதான் இந்த நோயில் வெற்றி.

இனி, விலகல் தொடங்கிவிட்டால் எப்படித் தெரியும்? கிழிசல் வழியாக நீர்த்த கூழ் விழித்திரைக்குப் பின்னால் நுழைந்து அதை உரித்துக்கொண்டு போகும். உரிந்த இடம் பார்க்காது. அந்த இடம் பார்வையில் சாம்பல் அல்லது கறுப்பு நிறத் திரையாக ஓரத்திலிருந்து ஏறும். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால் திரை எதிர்ப்பக்கத்தில் தோன்றும்: மேல்பகுதி விழித்திரை உரிந்தால் நிழல் கீழிருந்து வரும். கிழிசல்கள் அதிகம் காணப்படுவது காதுப்பக்க மேல்பகுதியில். அதனால் மூக்குப்பக்கம் கீழே நிழல் தொடங்கியதாகச் சொல்பவர்கள் அதிகம். மேலே தொடங்கிய விலகல் நீரின் எடையால் வேகமாக இறங்கும், ஓரிரு நாளில் நடுப்பகுதிக்கு வந்துவிடலாம். கீழே தொடங்கியது வாரக்கணக்கில் மெல்ல ஊர்வதும் உண்டு. இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும், அதனால்தான் பலருக்குத் தெரிவதே இல்லை. ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மூடி, எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி, பார்வையை அசைக்காமல் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள். ஜன்னல் கம்பி நேராகத் தெரிகிறதா, வளைகிறதா என்றும் பாருங்கள். பிறகு அடுத்த கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு மூலை மங்கலாக இருந்தாலோ கம்பி வளைந்தாலோ அது அவசரம், இரவானாலும் கிளம்ப வேண்டும். ஆனால் இந்தச் சோதனையில் எல்லாம் சரியாகத் தெரிந்தால் விலகல் பெரிதாக இல்லை என்று மட்டும்தான் பொருள். கிழிசலை இதில் கண்டுபிடிக்கவே முடியாது.

எல்லா மின்னலும் விழித்திரையிலிருந்து வருவதில்லை. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வரும் ஒளி வேறு மாதிரி: கோணல்மாணலான பளபளப்புக் கோடுகள் மெல்லப் பெரிதாகி, 20, 30 நிமிடத்தில் மறையும், இரண்டு கண்ணிலும் தெரியும், பின்னால் தலைவலி வரலாம். வராமலும் போகலாம். உங்களுடையது ஒரே கண்ணில், நொடிப்பொழுது, கண்ணை அசைக்கும்போது, ஓரத்தில். விழித்திரை இழுபடுவதற்கு இது அப்படியே பொருந்துகிறது.

மருத்துவமனையில் முதலில் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். அரை மணி நேரம் ஆகும், சில மணி நேரம் பக்கத்தில் உள்ளது மங்கும், வெளிச்சம் கூசும், எனவே பைக் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். பிறகு மருத்துவர் தலையில் விளக்கு மாட்டி, கையில் லென்ஸ் பிடித்து, சிறு கருவியால் இமையின் மேலிருந்து கண்ணை மெல்ல அழுத்தி விளிம்பு முழுவதையும் சுற்றிப் பார்ப்பார். அழுத்தம் கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், ஆனால் அதைச் செய்யாவிட்டால் சோதனை முழுமை அடையாது. அந்தத் தலைவிளக்குக் கருவியை 1940களில் உருவாக்கியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஷெப்பென்ஸ். போர்க்காலத்தில் நாஜிகளிடமிருந்து தப்பியவர்களைப் பிரனீஸ் மலை வழியாக ஸ்பெயினுக்குக் கடத்திவிட்டவர் அவர். பின்னாளில் பாஸ்டனில் அவரிடம் பயின்ற எஸ். எஸ். பத்ரிநாத் 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். இன்று சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் மதுரை அரவிந்த் போன்ற இடங்களிலும் விழித்திரைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கண்ணுக்குள் இரத்தம் நிறைந்து உள்ளே பார்க்க முடியாவிட்டால் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள்.

சொட்டு மருந்தோ மாத்திரையோ கண் பயிற்சியோ கிழிந்த விழித்திரையை ஒட்டாது. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கிழிசல் மட்டும் இருந்தால் அதைச் சுற்றி லேசரால் தழும்பு உண்டாக்கி நீர் நுழையாமல் வேலி போடுவார்கள். சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். தழும்பு உறுதிப்பட ஒன்றிரண்டு வாரம் ஆகும். விழித்திரை கழன்றே போயிருந்தால் ஆபரேஷன்தான். நூறாண்டுக்கு முன்பு இதற்கு வைத்தியமே இல்லை என்று நினைத்தார்கள், நோயாளியை வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்தார்கள். லோசானைச் சேர்ந்த ஜூல் கோனின் என்ற ஸ்விஸ் மருத்துவர்தான், விலகலுக்குக் காரணம் கிழிசல்தான், கிழிசலைத் தேடிப்பிடித்து மூடினால் விழித்திரை ஒட்டும் என்று பிடிவாதமாக நிரூபித்தார். சூடாக்கிய முனையால் வெளியிலிருந்து சரியாக அந்த இடத்தைச் சுட்டார். பலர் வருடக்கணக்கில் நம்பவில்லை. 1929இல் ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில்தான் உலகம் ஒப்புக்கொண்டது. இன்றைய முறைகள் எல்லாம் அவர் கொள்கையின் மேல்தான் நிற்கின்றன. கண்ணின் வெளிச்சுவரில் சிலிகான் பட்டையைத் தைத்துச் சுவரை உள்நோக்கி அழுத்துவது ஒன்று. 1970களின் தொடக்கத்தில் ராபர்ட் மாக்கெமர் வழிகாட்டிய விட்ரெக்டமி இன்னொன்று: இழுக்கும் கூழையே வெட்டி எடுத்துவிட்டு, விழித்திரையை அமர்த்தி, லேசர் வைத்து, ஒட்டும் வரை பிடித்துக்கொள்ள வாயுவோ சிலிகான் எண்ணெயோ நிரப்புவார்கள். எண்ணெயைச் சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷனில் எடுக்க வேண்டும். வாயு தானாகக் கரைந்துவிடும், வகையைப் பொறுத்து இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை. அதுவரை விமானம் ஏறக்கூடாது. நம் ஊர்க்காரர்கள் மறந்துவிடுவது ஊட்டியும் கொடைக்கானலும்: உயரம் ஏற ஏற வாயு விரிந்து, கண் அழுத்தம் எகிறி, உள்ளே இரத்த ஓட்டம் நின்று நிரந்தரமாகப் பார்வை போகலாம். வேறு ஆபரேஷனுக்குப் போக நேர்ந்தால் கண்ணில் வாயு இருப்பதை மயக்க மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும், நைட்ரஸ் ஆக்சைடும் அதே தீங்கைச் செய்யும்.

ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை முழுசாகத் திரும்புமா என்பது மேக்குலா கழன்றுவிட்டதா இல்லையா என்பதைப் பொறுத்தது. ஒளியை உணரும் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆக்சிஜனையும் சத்தையும் பின்னால் உள்ள இரத்தநாளப் படலத்திலிருந்து பெறுகின்றன. அதிலிருந்து பிரிந்தால் முதல் சில நாட்களிலேயே சாகத் தொடங்கும். மேக்குலா ஒட்டியிருக்கும்போதே ஆபரேஷன் நடந்தால் முன்பிருந்த பார்வையை ஏறக்குறைய அப்படியே காப்பாற்றலாம். அதனால் அந்த நிலையில் ஒரு நாளுக்குள் செய்ய முயல்கிறோம். மேக்குலா கழன்ற பிறகு செய்தால் விழித்திரை ஒட்டினாலும் பார்வை குறைவாகவே நிற்கலாம், கோடுகள் வளைந்து தெரியலாம். எத்தனை நாளுக்குள் செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதில் முன்பு ஒரு வாரம் வரை பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். இப்போது மூன்று நாளுக்குள் செய்வது நல்லது என்ற கருத்து வலுவாகி வருகிறது. முடிந்த முடிவு இன்னும் இல்லை. முதல் ஆபரேஷனிலேயே விழித்திரை ஒட்டுவது 100க்கு 85 முதல் 90 பேருக்கு. தேவைப்பட்டால் மறுபடி செய்வதையும் சேர்த்தால் 95ஐத் தாண்டும். ஒட்டாமல் போவதற்கு முக்கியக் காரணம் விழித்திரையின் மேல் தழும்புச் சவ்வு வளர்ந்து அதைச் சுருக்குவது, தாமதமாக வருபவர்களுக்கு அது அதிகம்.

அப்பாவுக்கு இருப்பது வேறு நோய். சர்க்கரையில் விழித்திரையின் மெல்லிய இரத்தநாளங்கள் அடைபட்டு, அதற்கு ஈடாகப் புதிய நாளங்களும் நார்ச்சவ்வும் முளைத்து, அந்தச் சவ்வு சுருங்கும்போது விழித்திரையைப் பிடுங்குகிறது. கிழிசல் இருக்க வேண்டியதில்லை. மின்னல் பெரும்பாலும் தெரியாது, மாதக்கணக்கில் மெல்ல நடக்கும், மேக்குலாவைத் தொடும் வரை அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அப்பா ஏற்கெனவே அந்த எல்லையைத் தாண்டிவிட்டார், அவருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை அவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு, கர்ப்பகாலக் கடும் இரத்த அழுத்தம், கண்ணின் உள்ளழற்சி, கட்டி போன்றவற்றால் நீர் சுரந்து விழித்திரை எழும்புவது. அதற்குக் காரணமான அடிப்படை நோயைக் கவனிப்பதுதான் வைத்தியம். உங்களுக்கு அது பொருந்தவில்லை.

சோதனையில் "லாட்டிஸ்" என்று எழுதித் தந்தால் கலங்காதீர்கள். விளிம்பில் வலைபோல மெலிந்த பகுதி அது. மக்களில் 100க்கு 8 பேருக்கு இருக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்கே விலகல் வருகிறது. அறிகுறியே இல்லாத லாட்டிஸுக்கு முன்னெச்சரிக்கையாக லேசர் வைப்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் நிலைப்பாடு, மறு கண்ணில் விலகல் வந்திருந்தால் அல்லது புதிய அறிகுறி இருந்தால் தவிர அவசரப்பட்டு வைப்பதில்லை. ஆனால் அதே இடத்தில் புதிய கிழிசலும் அறிகுறியும் சேர்ந்திருந்தால் விவாதத்துக்கு இடமில்லை, வைத்துவிட வேண்டும். கனம் தூக்கினால் கிழியுமா என்பதற்கு உறுதியான சான்று இல்லை, ஆய்வுகள் முன்னுக்குப்பின் முரணாக இருக்கின்றன. கண்ணில் பந்தோ கையோ படும் விளையாட்டுகளைத் தவிர்ப்பது மட்டும் நிச்சயம் நல்லது.

கிழிசல் இல்லை என்று சொல்லிவிட்டால் தங்கை கல்யாணத்துக்குத் தாராளமாக நின்று வேலை பார்க்கலாம். மின்னல் சில வாரங்களில் குறையும், புள்ளிகள் சில மாதங்களில் பழகிப்போகும், சிலவேளை முழுதாக மறையாது. ஆனால் சிலருக்கு முதல் சோதனைக்குப் பிறகு தாமதமாகவும் கிழிசல் உண்டாவதால் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள், அதைக் கல்யாண அலைச்சலில் விட்டுவிடாதீர்கள். நடுவில் புள்ளிகள் திடீரென்று பெருகினாலோ நிழல் தெரிந்தாலோ குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

இப்போது போன் செய்யும்போது "கண் செக்கப்" என்று சொன்னால் அடுத்த வாரம் தேதி கொடுப்பார்கள். "மைனஸ் 7 பவர், நான்கு நாளாக ஒரு கண்ணில் புதிதாக மின்னலும் மிதக்கும் புள்ளிகளும், விழித்திரை டாக்டர் இன்றே பார்க்க வேண்டும்" என்று இதே வரிசையில் சொல்லுங்கள். பழைய கண்ணாடிச் சீட்டையும் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், அவர்களிடம் சொன்னால் போதும்.